திருப்பிப் போட்ட டி-சர்ட்

ஞாயிறு இரவு

பெரியப்பா மகனின் புது வீட்டு விசேஷம். வீட்டுக்குள்ளேயே லிஃப்ட்! வந்தவர்கள் எல்லாம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பஸ்ஸில் வந்தவன்தானே என்று நினைக்கிறார்களோ என எனக்கு உள்ளுக்குள் வெந்தது.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில்தான் என் மனைவி மல்லிகா என் முதுகைக் கவனித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, லேபிள் வெளிய தெரியுதுங்க! டி-சர்ட்டத் திருப்பிப் போட்டிருக்கறீங்க!"

பனியன் கம்பெனியில் நாள் முழுக்கத் துணியைத் திருப்பித் தையலைச் சரிபார்க்கிறவள். காலையில் என் டி-சர்ட்டையும் அதே பழக்கத்தில் திருப்பி வைத்திருக்கிறாள். அவசரத்தில் நான் அப்படியே மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

"தையல்ல ஒரு குத்தமும் இல்லீங்க" என்றாள். வீடு வரும்வரை சிரித்தோம்.

அந்த வீடு எத்தனை மாடி? யோசித்தால் நினைவு வரவில்லை. மல்லிகா போர்வைக்குள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.