கேட்டதற்கு மட்டும் பதில்

மார்ச் 4
இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன் நான். தலைமைப் பதவி ஓர் அரைகுறைக்குப் போயிற்று. அன்றிலிருந்து அலுவலகக் காரில் ஏறுவதில்லை. ஒரு வருடமாக வெயிலில் நடந்தே போய் அவர்களை வெட்கப்படுத்துகிறேன். ஒருவரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

மார்ச் 11
மூட்டு டாக்டரம்மா இன்றும் காக்க வைத்தார். என் உடம்பின் காவல்படை என் விரல் மூட்டுகளையே எதிரியாக நினைத்து அடிக்கிறதாம். (குணம் எங்கே போகும்?) அதை அடக்கத்தான் இரண்டு வருடமாக மாத்திரை.

"விரல் எப்படி இருக்கு?"

"மடங்குது."

"வேற ஏதாவது?"

"இல்ல."

காக்க வைத்தவருக்கு அது போதும்.

வீட்டில் மனைவி: "காதுல அந்தப் பொருக்கு அப்படியே இருக்கே, காட்டினீங்களா?"

"அவங்க காதைப் பத்திக் கேக்கல."

"கேட்டாத்தான் சொல்வீங்களா? அது என்ன கோர்ட்டா?"

சாட்சிகளுக்கு நான் தினமும் மொழிபெயர்க்கும் அறிவுரைதான். பழகிவிட்டது.

மார்ச் 30
தலையணையில் ரத்தம். முடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன். புத்திசாலி.

ஏப்ரல் 8
மனைவி கூடவே வந்து, டாக்டரம்மா முன்னால் என் முடியை விலக்கினாள்.

"மொதல் நாளே சொன்னேனே சார்! இந்த மாத்திரைல தோல் புற்றுநோய் வர வாய்ப்பு கூடும், வெயில்ல அலையாதீங்க, ஆறாத புண் வந்தா காட்டுங்கன்னு."

சொன்னாராம். அன்று நான் மனதுக்குள் அவர்மேல் புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். நடைகூட நன்றாக வந்தது. ஆனால் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அப்புறம் ஒரு தடவைகூட நினைவூட்டவில்லையே? அதை விடமாட்டேன்.

சோதனைக்குச் சதைத் துணுக்கு எடுத்தார்கள்.

ஏப்ரல் 17
புற்றுநோய்தான். ஐயோ, என்னடா இது— வெறும் பொருக்குன்னுதானே நினைச்சேன்—

மாத்திரை என் உடம்பின் காவல்படையை எல்லோரையும் மன்னிக்க வைத்துவிட்டது. நான் ஒருநாளும் செய்யாத காரியம். அதுவும் மன்னிக்கக் கூடாதவனைப் பார்த்து.

மே 2
காதின் மேல்பாகம் போயிற்று. முழுக்க எடுத்துவிட்டார்களாம், பரவவில்லையாம். மாத்திரையை மாற்றுகிறார்கள். மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிகிறது. "இனிமே பாதி கேட்டாலும் முழுசா பதில் சொல்லுங்க" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டே அழுதாள்.

மே 19
அந்த அரைகுறை, அலுவலகக் காரில் நகர்ந்து இடம் விட்டான். ஏறினேன். நன்றி சொல்லவில்லை.

மே 20
டாக்டரம்மாவின் காத்திருப்பு அறைச் சுவரில் இந்த நாட்குறிப்பை அப்படியே ஒட்டப் போகிறேன். அடியில் இரண்டு வரி: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆறாத புண்ணைக் கேட்காமலே காட்டுங்கள்.

என் பெயரைப் பார்த்தால் வரவேற்பு மேசைப் பெண் "மறுபடியும் இவர் புகாரா?" என்று கிழித்துவிடுவாள். கையெழுத்துப் போடவில்லை. ஒருவராவது கடைசிவரை படிக்கட்டும்.