அக்காவுக்காக நேர்ந்த புளுகு

அக்கா,

உங்கள் மகள் இன்று காலை உங்கள் அலுமாரியைக் காலி செய்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற நீலப் பையைத் திறந்ததும் ஓடிக்கொலோன் வாசம் ஆளைத் தூக்கி அடித்தது. கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை பஸ்ஸில் அதில் நனைத்த லேஞ்சிக் கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டுதானே வருவீர்கள்! "மாமா, இதை நீங்களே வைச்சிருங்கோ" என்று பையைத் தந்தாள். உள்ளே உங்கள் செபமாலை.

உங்களுக்கு ஒப்பரேஷன் நடந்த அன்று அது என் கையில் இருந்தது. ஏழு கடலுக்கும் புளுகுச் சக்கரவர்த்தியாகிய நான், தியேட்டர் வாசலில் ஒரு கால் ஆடும் கதிரையில், நனைந்த கோழி மாதிரி ஒடுங்கியிருந்தேன். நாலு மணித்தியாலமாகக் கதவு திறக்கவில்லை. என் கணக்கில் நானூறு வருடம். பிறகு ஒரு தாதி வெளியே ஓடிவந்தாள். "இன்னும் இரத்தம் வேணும்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனாள். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினேன், அடுத்த வரி வரவில்லை. ஐம்பது வருடமாகச் சொன்ன மந்திரம்!

அந்தப் பயத்தில்தான் மாதாவுக்கு நேர்ந்தேன்: அக்கா உயிரோடு வந்தால் சாகும்வரை ஒரு புளுகும் புளுகமாட்டேன். மெழுகுதிரியும் தென்னம்பிள்ளையும் நேர்கிற ஊரில், என்னிடமிருந்த ஒரே சொத்தை எழுதிக் கொடுத்தேன்.

நீங்கள் வந்தீர்கள். மூன்றாம் நாள் கண் திறந்து கேட்டீர்கள்:

"தம்பி, அந்தக் கொடுவா இப்ப எங்க?"

என் பழைய புளுகில், என்னையும் வள்ளத்தையும் களப்புக் கடலேரி நீளத்துக்கு இழுத்துப்போய், புத்தளம் உப்பளத்தில் இறக்கிவிட்டு, நன்றி சொல்லிப் போன கொடுவா மீன் அது.

"ஒண்டரைக் கிலோ, அக்கா. கறி வைச்சுச் சாப்பிட்டம்."

உங்கள் முகம் இருண்டது. அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் வெயிலும் பஸ் நேரமும்தான். அதிலிருந்து நாலாம் நாள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"உண்மையைச் சொல்லு. டொக்டர் என்ன சொன்னவர்? நீ புளுகாமல் இருக்கிறாய். நான் சாகப்போறன், என்ன?"

நோய் செய்யாததை என் நேர்த்தி செய்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"விசரா! என்னைக் கேளாமல் என்ட உயிருக்கு என்ன நேர்த்தி? சுவாமியிட்டப் போய் மாத்திக்கொண்டு வா."

நம் கோயில் குருவான சுவாமி சிரிப்பை இருமலாக்கினார். அக்கா இருக்கும் நாளெல்லாம் முழங்காலில் ஒரு செபமாலை என்று மாற்றித் தந்தார். "உங்களுக்கு மற்றது கஷ்டம்தான்" என்றார்.

அடுத்த மாரியில் நோய் திரும்பி வந்தது. ஒரு மத்தியானம், வார்ட்டில், தண்ணீர்கூட இறங்காத நேரம்.

"தம்பி, புளுகாமல் ஒண்டு சொல்லு. நான் இனி வீட்ட போவனா?"

என் நாக்கில் ஆயிரம் கொடுவா துள்ளின. செபமாலையை நெரித்தேன்.

"இல்லை, அக்கா."

நீங்கள் கண்ணை மூடித் திறந்தீர்கள். "அப்ப சரி. சுவாமியைக் கூப்பிடு, நோயில் பூசுற எண்ணெயைப் பூசட்டும். அது முடிய நீ கொடுவாவைச் சொல்லு."

நெற்றியில் எண்ணெய் காயுமுன் தொடங்கினேன். மீன் அரசாங்கக் கச்சேரிக்குப் போய் அடையாள அட்டை கேட்ட இடத்தில் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகி, பிறகு நித்திரையானது. அந்த நித்திரையிலிருந்து நீங்கள் எழும்பவில்லை.

நேர்த்தி முடிந்துவிட்டது, இனிக் கதிரையில் இருந்தே சொல்லலாம் என்கிறார் சுவாமி. அதை என் முழங்காலுக்கு யார் சொல்வது? தினமும் விழுகிறது. செபமாலை முடிந்ததும் உங்களுக்குக் கொடுவாவின் மிச்சக் கதை. மீன் நாளுக்கு ஒரு முழம் வளர்கிறது. கடைசி நாளில் ஆண்டவர் கூப்பிட்டு நீங்கள் எழும்பி வரும்போது, களப்பில் தண்ணீர் நிற்க இடமிருக்காது, அக்கா. பார்த்து வாருங்கள்.