செத்த தோலின் ஊதா

திரியெஸ்தே
4 மார்ச் 2019

அன்புள்ள தூல்லியாவுக்கு,

நலமா? இங்கே போரா காற்றில் என் குடை முறிந்தது, மற்றபடி நலம். நீ அனுப்பிய காலுறையை அம்மா மூன்று வாரமாகக் கழற்றவே இல்லை. "உன் சிநேகிதி கம்பெனி சாமான், வீக்கம் வத்திடுச்சு பாரு" என்று பக்கத்து வீடுகளில் காலை நீட்டிக் காட்டுகிறார். கெண்டைக்காலில் மட்டும் அரிக்கிறதாம்.

உங்கள் அலுவலகத்தில் மெயிலை யார் யாரோ படிக்கிறார்கள் என்றாயே, அதனால்தான் காகிதம். அந்தக் காலுறையில் பூசியிருக்கும் கிராபீன் என்ற கரித்தூளைச் சோதித்தவள் நான். ஆய்வகத்தில் வளர்த்த தோல்மேல் தூளைத் தூவி, கழுவி, மஞ்சள் சாயத்தில் வைத்தேன். உயிருள்ள தோல் அதை ஊதாவாக்கும். ஊதா வந்தது, கையெழுத்துப் போட்டேன். செத்த தோலிலும் ஒரு முறை செய்துபார்க்க வேண்டும் என்பது விதி. அவசரம் அவசரம் என்று நீ தினமும் போன் செய்தாய், நானும் விட்டுவிட்டேன்.

நேற்று செய்தேன். உறையவைத்துக் கொன்ற தோலிலும் அதே அழகான ஊதா. சாயத்தை மாற்றியது தோல் அல்ல, அதில் ஒட்டியிருந்த தூள். அந்தக் கிண்ணத்தைக் கழுவாமல் படம் எடுத்து வைத்திருக்கிறேன். தூளின் பங்கைக் கழித்தால், நான் நல்லது என்று எழுதிய தோலில் பாதிக்கு மேல் செத்திருக்கிறது. விற்பனையை நிறுத்தச் சொல்லு. அறிக்கையை நான் திரும்பப் பெறுகிறேன்.

உன்
நீவெஸ்

உதினே
11 மார்ச் 2019

அருமை நீவெஸ்,

அடுப்படியில் நின்றே படித்தேன், பொலென்டா கூழ் அடிப்பிடித்துவிட்டது. கல்லூரியிலிருந்தே நீ இப்படித்தான், நல்ல பாலையும் முகர்ந்து பார்த்துக் கொட்டுகிறவள்.

மேலாளரிடம் லேசாகப் பேச்சுக் கொடுத்தேன். "செத்த தோலா மேடம் நம்மகிட்ட காலுறை வாங்குது?" என்றார். எல்லோரும் சிரித்தோம், கோபித்துக்கொள்ளாதே. பெட்டிகள் கடைகளுக்குப் போய்விட்டன. அறிக்கையில் இருப்பது உன் கையெழுத்து. உன் வேலையை நினைத்துப் பார். அந்தக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிடு. ஈஸ்டருக்கு வா, நிறையப் பேச வேண்டும்.

முத்தங்களுடன்,
தூல்லியா

பி.கு.: அம்மாவை மட்டும் அதைக் கழற்றச் சொல். என் மகளுக்கு ஜனவரியில் காலில் தடித்தபோதே அவளுடைய காலுறையை வாங்கி வைத்துவிட்டேன்.

திரியெஸ்தே
14 மார்ச் 2019

தூல்லியா,

காலுறையைக் கழற்றியபோது அம்மாவின் தோலும் கொஞ்சம் அதோடு வந்தது. "அந்தப் பொண்ணு ஆசையா அனுப்பினதுடி, அவளைத் திட்டாதே" என்கிறார். உன் பின்குறிப்பை அவருக்குப் படித்துக்காட்டவில்லை.

ஜனவரியில் உன் மகளுக்குத் தடித்தது. பிப்ரவரியில் அதே ரகக் காலுறையை வாழ்த்து அட்டை வைத்து என் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாய். பத்தொன்பது வருடமாகச் செத்த தோலைக் கையாள்கிறேன், ஒரு நாளும் கை கூசியதில்லை. உன் கடிதத்தைத் தொட்டுவிட்டு இரண்டு முறை சோப்புப் போட்டேன்.

என்மேலும் அருவருப்புத்தான். ஒரு நாள் வேலையைச் செய்யாமல் கையெழுத்துப் போட்டவள் நான்தான் என்று இயக்குநரிடம் காலையில் எழுதிக் கொடுத்தேன். என்ன செய்வார்களோ, செய்யட்டும்.

சுகாதாரத் துறைக்கும் எல்லாம் அனுப்பிவிட்டேன்: அறிக்கை செல்லாது என்ற கடிதம், கிண்ணத்தின் படம், அம்மா காலின் படம். நீ எழுதிய கடிதத்தையும் பின்குறிப்போடு அதிலேயே வைத்தேன். பிரதி எடுத்துக்கொள்ளவில்லை. உன் எழுத்து எதுவும் என் வீட்டில் வேண்டாம்.

நீவெஸ்