அரசியின் இலத்தீன் அடைமொழி

“ஓரெழுத்தை மாற்றினாலும் நாடுகடத்தல்தான், தெரியுமா உனக்கு?”

“தெரியும் ஐயா, ஆனால் மாற்றாவிட்டால்...”

“ஆனால் கீனால் என்று இழுக்காதே!”

இலவந்துறை ஓலைமண்டபத்தில் ஓலைநாயகம் வில்லவதரையரும், யவனமொழி பெயர்க்கும் காரிக்கண்ணியும் இவ்வாறு ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறி வழக்காடியது திருச்செவிக்கு எட்டியதால், மலை மூன்றும் கடலொன்றும் காக்கும் முகிற்கோட்டு நாடாளும் செங்கோதைத் தேவியார் திருவாய்மொழிந்தருள, அமைச்சி ஆதித்தநங்கை எழுதுவித்த ஓலை. இலவந்துறைத் தலைவர் மருதங்கிழார் காண்க. உம் துறையில் கலம் நிறைக. கரைவிளக்கு காற்றுக்கு அணையாதிருக்க.

செய்தி யாதெனில்: யவனர்க்கு விடுக்கும் நட்போலையில் நம் அரசர்க்குரிய இலத்தீன் அடைமொழி, தேவியாரின் தந்தையார், மறைந்த பெருந்தேவர் காலத்தில் பொற்றகட்டில் பொறித்த ‘மக்னனிமுஸ்’ என்பது. பெரிது என்னும் சொல்லும் நெஞ்சு என்னும் சொல்லும் ஒன்றாய்க் கூடிப் ‘பெருநெஞ்சினன்’ எனப் பொருள்படும். அம்மொழியில் இப்படிக் கூடிய சொல்லின் தலை அசையாது. வால்மட்டும் ஆணா பெண்ணா என்பதற்கும் இடத்துக்கும் தக்கபடி திரும்பும். ஆகவே காரிக்கண்ணி, தேவியார் வாக்களித்தார் என்னுமிடத்து ‘மக்னனிமா’ என்றும், தேவியார்க்கு என்னுமிடத்து ‘மக்னனிமை’ என்றும் எழுதினாள்.

பொன்னில் ஏறிய பட்டத்தைத் தொட்டவர் நாட்டில் இருத்தலாகாது என்பது பழவழக்கு. அதைப் பிடித்துக்கொண்டார் வில்லவதரையர்.

“பெரியவர் பட்டத்துக்குச் சேலை கட்டிவிடுகிறாயோ? பழையபடி எழுது. இல்லையேல் அந்தக் கலத்திலேயே நீயும் ஏறு.”

ஊரில் காரிக்கண்ணியின் மகள் நிறைசூலி. கலமோ பாய் விரித்து நின்றது. ஆயினும் பழையபடி எழுதினால், இறந்தவர் கொடுத்த வாக்கென்று யவனர் அதைத் தள்ளிவிடுவர் என்பதையும் அவள் அறிவாள். எழுத்தாணியைக் கீழே வைத்தாள். ஓலையைத் திருத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவளைக் காவலில் வைக்கச் சொன்னார்.

ஆகலின், இவ்வோலை கண்ட அளவில் அவளை விடுக. அவள் எழுதியபடியே நட்போலை கலம் ஏறுக. பொற்றகட்டை உருக்கிப் புதிதாய் வார்க்க. வில்லவதரையரிடமிருந்து முத்திரையை வாங்கி வைத்து, மண்டபத்தார் கேட்க, அன்று கேட்டதைக் காரிக்கண்ணியே மறுபடி கேட்கச் செய்க. அவர் மறுமொழி அரண்மனை வந்தபின் முத்திரை எங்கே போவதென்பது தேவியார் திருவுளம்.

இதற்கு மயிற்பொறி சான்று, பொறியின்கீழ் அக்கேள்வி:

“அரியணையில் இப்போது இருப்பது யார் ஐயா?”