தகரக் கூரையும் ஏழாவது ஆடும்

அன்புள்ள என் வெல்டருக்கு,

நானும் மகளும் நலம். ஆறு ஆடுகளும் நலம். ஏழாவதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன், அவசரப்பட்டு அங்கே தாவ வேண்டாம். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இரண்டாவது வார்த்தையிலேயே நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். கடிதம் என்றால் முடிக்கிற வரை உங்களால் குறுக்கே பேச முடியாது.

சிறுத்தைத் திட்டத்தை மதிப்பீடு செய்ய ஒரு அம்மா வந்து போனார். மூன்று வருடம் முன்பு நீங்கள் வெல்டிங் வைத்த நாற்பத்திரண்டு ஆட்டுப் பட்டிகள்தான் விஷயம். ஆடு இரும்புப் பட்டிக்குள் இருந்தால் சிறுத்தை ஊருக்குள் வராது, நாமும் அதற்கு விஷம் வைக்க மாட்டோம், பெண்கள் ஆடு வளர்த்துப் பிழைப்போம் என்பதுதானே பேச்சு. அது நடந்ததா என்று பார்க்க வந்தவர், எதைக் கண்டாலும் ஏன், எப்போது, யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நம் மகள் அவருக்குக் கேள்வியம்மா என்று பெயர் வைத்துவிட்டாள்.

ஆட்டுக்குழுத் தலைவரான உங்கள் அண்ணன் முந்தின நாளே எல்லோரையும் பள்ளிக்கூட அறையில் கூட்டினார். "ஒரு நாள்தானே, ஆட்டையெல்லாம் பட்டியில அடைச்சிடுங்க. எண்ணிட்டுப் போயிடுவாங்க" என்றார். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. பட்டிகளில் கிடந்த விறகு, ஓட்டைச் சைக்கிள், கால் உடைந்த கட்டில் எல்லாம் அன்று சாயங்காலமே வெளியே வந்தன. நாற்பத்திரண்டும் பயன்பாட்டில் உள்ளன என்று இரண்டு வருடமாக வாராவாரம் பதிவேட்டில் எழுதியது யார் கை? செயலாளரான என் கைதான்.

முதல் மழைக் காலத்திலேயே தெரிந்துவிட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தகரத்தில் மழை விழுந்த சத்தத்துக்கு ஆடுகள் மிரண்டு கம்பியில் முட்டிக்கொண்டன. இரண்டு சினை ஆடுகளுக்குக் குட்டி கலைந்தது. அதன் பிறகு எந்த ஆடும் உள்ளே கால் வைக்கவில்லை. நான் சொன்னபோது, "ஆட்டுக்கு என் வெல்டிங் பிடிக்கலையாமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தீர்கள். நானும் அதோடு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

கேள்வியம்மா வீடு வீடாக நடந்து எண்ணினார். நாற்பத்திரண்டு சரியாக இருந்தது. மத்தியானம் நம் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபடி, இந்த அறிக்கை போனதும் இதே மாதிரியில் இன்னும் பத்தொன்பது ஊர்களுக்குப் பட்டி போடப்போகிறார்கள் என்றார். உங்கள் அண்ணன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். முதல் மழையில் அந்தப் பத்தொன்பது ஊர்களிலும் ஆடுகள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ஆட்டுக்குப் பின்னால் வாசலுக்கு எது வரும் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய் நம் பட்டிக் கதவைத் திறந்துவிட்டேன்.

ஆறும் ஒரே ஓட்டம். நேராக நம் தாழ்வாரத்துக்கு வந்து, ஒவ்வொன்றும் தன்னைக் கட்டுகிற முளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. அவற்றுக்கு யாரும் கூட்டம் போட்டுச் சொல்லித் தரவில்லையே. கேள்வியம்மா ஆடுகளைப் பார்த்தார், பிறகு முளைகளைப் பார்த்தார். ஏழு முளைகள். ஏழாவதில் பாதியில் அறுந்த கயிறு. "இந்த ஆடு எங்கேம்மா?" என்று கேட்டார்.

வயிறு உப்பிச் செத்துப்போனது என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். போன மாதம் தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், நம் தாழ்வாரத்தில் வைத்தே சிறுத்தை அதைப் பிடித்தது. மகள் அதற்குத் தழை ஊட்டிவிட்டுக் கை கழுவ உள்ளே வந்திருந்தாள். கை கழுவுகிற நேரம், அவ்வளவுதான். வாசல் கதவு திறந்தே இருந்தது.

வேலி ஓரத்தில் ஆட்டின் பாதி உடல் கிடந்தது. அதில் தடவி வைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர் விஷப் புட்டியோடு வந்தார். வாங்கக் கையை நீட்டிவிட்டேன், அதையும் மறைக்கவில்லை. ஆனால் சிறுத்தையை வாசல் வரைக்கும் அழைத்தது நாம்தானே. புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குழி தோண்டி ஆட்டைப் புதைத்தேன்.

இதையெல்லாம் கேள்வியம்மாவிடம் சொல்லி, பதிவேட்டையும் கையில் கொடுத்து, நான் எழுதியது பொய் என்றேன். உங்கள் அண்ணன் "குடும்ப மானத்தை வாங்கிட்டே" என்று எழுந்து போனவர், இன்றுவரை நம் படியேறவில்லை. தண்ணீர்க் குழாயடியில் என்னைக் கண்டால் பெண்களின் பேச்சு நின்றுவிடுகிறது. நிற்கட்டும். கேள்வியம்மா திட்டவில்லை. பட்டி பயன்படவில்லை என்றுதான் எழுதுவேன், அதை வைத்துத் திட்டத்தையே நிறுத்தினாலும் நிறுத்துவார்கள் என்றார். இறுதி அறிக்கைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறதாம். அதற்குள் ஆடு மழையிலும் படுக்கிற ஒரு பட்டியை நாமே செய்து காட்டினால் அதையும் எழுதுவதாகச் சொல்லிப் போனார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. தகரத்தின் மேல் பழைய சாக்குகளை விரித்து, அதன் மேல் ஒரு முழ உயரத்துக்கு வைக்கோல் போட்டேன். மகள் ஏணியில் நின்று மழை மாதிரி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். ஆடுகள் காதை ஆட்டின, அசைபோட்டன, படுத்துக்கொண்டன. மூன்று மழை தாங்கியது. நான்காவது மழையோடு காற்றும் வந்து வைக்கோலையெல்லாம் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டது. மேலே கம்பிச் சட்டம் வைத்து இறுக்கினால் நிற்கும். குழாயடியில் பேசாத பெண்களில் நாலு பேர் ஆளுக்கு ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆள் இருக்கிறது, வைக்கோல் இருக்கிறது. வெல்டர்தான் இல்லை.

உங்கள் வேலையில் குறையில்லை. மூன்று வருடத்தில் ஒரு கம்பிகூட விட்டுப்போகவில்லை. பட்டி வாசலில் நீங்கள் நிற்கிற போட்டோவை நான் சுவரிலிருந்து எடுக்கவும் இல்லை. கோபமாக வந்தாலும் சரி, வந்து இரண்டு நாள் பேசாமலே வேலை செய்தாலும் சரி. இந்த மாதத்துக்குள் வாருங்கள்.

இன்னும் ஒன்றுதான். மகள் இப்போதெல்லாம் பொழுது சாய்வதற்கு முன்பே ஆறு ஆடுகளையும் எண்ணிப் பட்டியில் விட்டுவிட்டு, வீட்டுக் கதவைத் தானே சாத்துகிறாள். உங்கள் உயரத்துக்குப் பொருத்திய தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. முக்காலி போட்டு ஏறித் தாழிடுகிறாள். நான் போடுகிறேன் என்றாலும் விடுவதில்லை. இறங்கிய பிறகு ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை அப்படிச் செய்வதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள் வரவுக்காக,
ஆட்டுக்குழுச் செயலாளர், உங்கள் மனைவி