நீல நூல் கோத்த ஊசி

கணபதி, கோவை
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மகன் ஆரிஃபுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும் கண்ணு. இங்கே நானும் அத்தாவும் சுகம், என் மெஷினும் சுகம், புறக்கடையில் வாடகை தராமல் குடியிருக்கிற எல்லோரும் சுகமோ சுகம், சிம்லாக் குளிரில் உன் காதும் மூக்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று எழுது. இந்தக் கடிதம் போன வாரமே உன் கைக்கு வந்திருக்க வேண்டியது, போர்வைக்குள் வைத்தே அனுப்பலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் உன் வகுப்புத் தோழி பூஜிதா முன்னறையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சமையல்கட்டு மேடையில் தாளை வைத்து நின்றபடி எழுதுகிறேன், கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். தீபாவளி லீவுக்கு வந்த பெண், இவ்வளவு பெரிய மூட்டையை சிம்லா வரை தூக்கிக்கொண்டு வர ஒப்புக்கொண்டிருக்கிறாள், அவளிடம் மரியாதையாக நடந்துகொள். இந்த ஒரு வாரமாக நீ போனில் போர்வை என்னாச்சும்மா என்று கேட்கும்போதெல்லாம் நாளைக்கு நாளைக்கு என்று மழுப்பினேனே, அதற்குக் காரணம் ஒரு ஊசி. அந்த ஊசி எங்கே போயிருந்தது என்பதை முதலிலேயே சொன்னால் மீதியை நீ படிக்க மாட்டாய், அதனால் வரிசையாகவே வருகிறேன்.

போர்வை எப்படி வந்திருக்கிறது என்று நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், பிரமாதமாக வந்திருக்கிறது. நீ போட்டுக் கிழித்த பள்ளிக்கூடச் சட்டைகள், கபடிப் பனியன், பாக்கெட்டோடு சேர்த்து உன் பழைய ஜீன்ஸ், நடுநடுவே திருப்பூர் கட் பீஸ், ராமாமணி டீச்சர் தன் சுங்குடிப் புடவைகளைப் போர்வையாக்கித் தரச் சொன்னதில் மிஞ்சிய சிவப்புக் கட்டங்கள் (அவரைக் கேட்டுத்தான் எடுத்தேன்). மேல் துணி, அடித் துணி, நடுவில் பஞ்சு, மூன்றும் விலகாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்கும் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டிருக்கிறேன். டீச்சரின் போர்வையும் ஒரு டாக்டர் வீட்டுக் குழந்தை விரிப்பும் அரைகுறையாகக் கிடக்கின்றன, கிடக்கட்டும். புறக்கடையில் கொய்யா மரத்தடியில் கட்டிலைப் போட்டுத் தைக்க உட்கார்ந்துவிட்டால் எனக்கு சினிமாவே வேண்டாம். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து தங்களுக்குள் சண்டை போட்டுவிட்டுப் போகும், தேன்சிட்டு செம்பருத்தியில் தலைகீழாகத் தொங்கும், பக்கத்துக் காலி மனைப் புதரிலிருந்து கீரி எட்டிப் பார்க்கும், அணில் ஒன்று நான் என்னவோ அதன் சொந்த இடத்தில் உட்கார்ந்துவிட்ட மாதிரி கிளையில் நின்று என்னைத் திட்டிக்கொண்டே இருக்கும். நானும் திருப்பித் திட்டுவேன், இரண்டு பேருக்கும் வேலை ஓடும்.

போன திங்கட்கிழமை ஓரத்தை மடித்துத் தைக்கிற வேலைக்கு வந்து, அதிலும் ஒரே ஒரு சாண்தான் பாக்கி. நல்ல நீல நூலாக நீளமாகக் கோத்து, ஊசியைப் போர்வையின் ஓரத்தில் குத்தி வைத்தேன், அந்த நேரம் பார்த்துக் கீரி தன் குட்டிகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு மதிலோரச் சந்து வழியாகப் போகிறது. அதைப் பார்த்துவிட்டு எப்படி உட்கார்ந்திருப்பது? ஓடிப்போய் மதிலுக்கு அந்தப்பக்கம் குழந்தையம்மாள் அக்காவைக் கூப்பிட்டேன், அவர் ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்து, அட என்ன சோக்குங்க அம்மணி, பள்ளிக்கூடம் உட்ட மாதிரியே போகுதுங்களே என்றார். சிரித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் போர்வை இருக்கிறது, கத்தரி இருக்கிறது, நூல்கண்டு இருக்கிறது, ஊசி மட்டும் இல்லை.

உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். பஞ்சுக்குள் போன ஊசி ஓர் இடத்தில் நிற்காதடா, ஒவ்வொரு அசைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், இன்றைக்குக் கால்மாட்டில் இருந்தால் அடுத்த வாரம் கழுத்துக்கு வந்துவிடும். நீயோ கட்டிலில் படுத்துத் தரையில் எழுந்திருக்கிற ஆள். கையால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன், தரையை மூன்று தரம் கூட்டினேன், போட்டிருந்த துணியையெல்லாம் உதறினேன், ஒன்றும் இல்லை. அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது, நீ உருளுகிற மாதிரியே உருண்டு பார்த்தால் என்ன என்று ஹாலில் போர்வையை விரித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உருண்டேன். என் எடை போதாது என்று தோன்றியதால் அத்தாவையும் உருளச் சொன்னேன். அவர் முடியாது என்றார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உருண்டார். இரண்டு பேரும் எதிரெதிராக உருண்டுகொண்டிருக்கும்போது கொழுக்கட்டைத் தட்டோடு குழந்தையம்மாள் அக்கா வந்து நின்றார். ஏனுங்க அம்மணி, கோயலச் சுத்தித்தானுங்க உருளுவாங்க, நீங்க ஊட்டுக்குள்ளயே ஆரம்பிச்சுபோட்டீங்களா என்றார். ஊசி தேடறோமுங்க்கா என்று அத்தா படுத்தபடியே சொன்னார். அக்கா தட்டை மேஜையில் வைத்துவிட்டு, தேடுங்க தேடுங்க, கெடச்சா எங்க குத்துச்சுன்னு மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டுப் போனவர், மதில் தாண்டியும் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அத்தா தன் மோட்டார் வைண்டிங் பட்டறையில் இரும்புத் தூள் பொறுக்க வைத்திருக்கிற காந்தத்தைக் கொண்டு வந்தார். அது முதலில் கேட்டைப் பிடித்தது, பிறகு கட்டில் காலைப் பிடித்தது, பிறகு சோபாவுக்கு அடியிலிருந்து நான் தொலைத்துவிட்டு உன்மேல் பழி போட்ட சின்னக் கத்தரியைப் பிடித்துக்கொண்டு வந்தது. போர்வையில் மட்டும் எதுவும் ஒட்டவில்லை. இல்லைன்னா இல்ல குல்சு, காந்தம் பொய் சொல்லாது என்றார் அத்தா. காந்தம் சொல்லாதுங்க, ஆனா பஞ்சு மறைக்கும் என்றேன் நான். அன்றிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை, பூஜிதா ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள், அங்கே உனக்குக் குளிர், ஊசி எங்கே என்று தெரியாத போர்வையை எந்த மனசோடு கொடுத்து அனுப்புவது?

அப்போதுதான் ஜோஸ்லின் ஞாபகம் வந்தாள். நீ வயிற்றில் இருக்கும்போது விலங்கியல் கடைசி வருடப் பரீட்சை எழுதினேனே, அன்றைக்கு எனக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து ஹாலுக்குக் கூட்டிப்போன ஜோஸ்லின், இப்போது திருப்பூரில் குழந்தைத் துணி ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொரு துணியையும் அங்கே ஊசி கண்டுபிடிக்கிற மெஷினுக்குள் விட்டுத்தான் பெட்டி கட்டுவார்கள். நேற்று காலை மூட்டையோடு பஸ் ஏறினேன், கண்டக்டர் பார்த்துவிட்டு, ஏனுங்க்கா, உள்ள ஆள் கீள் படுத்திருந்தா அவருக்கும் ஒரு டிக்கெட் எடுத்துருங்க என்றார். ஆள் இல்லீங்க, ஊசி இருக்குதான்னு தெரியல என்றேன், அதோடு அவர் என் பக்கமே வரவில்லை.

ஜோஸ்லின் மேலாளரிடம் சொல்லி அனுமதி வாங்கி வைத்திருந்தாள். மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ரப்பர் பட்டை ஓடுகிறது, நடுவில் ஒரு சின்ன வாசல். போர்வையை மடித்து வைத்தோம், உள்ளே போனது, பாதி போனதும் கீங் என்று கத்திவிட்டு நின்றதே பார். நான் கிடைச்சிருச்சு கிடைச்சிருச்சு என்று கத்திக்கொண்டு ஜோஸ்லினைக் கட்டிப் பிடித்தேன், பக்கத்தில் யார் என்றே தெரியாத ஒரு பெண்ணையும் கட்டிப் பிடித்தேன், பேக்கிங் ஹாலே எழுந்து வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் ஊசி இல்லை, உன் ஜீன்ஸ் பாக்கெட் மூலையில், காந்தத்துக்கும் சிக்காமல் இருந்த குட்டி இரும்புக் குமிழ்! உன்ற பையன் டவுசர்தான்டி கத்துது என்று ஜோஸ்லின் குறட்டால் அதைப் பிடுங்கிப் போட்டாள். மறுபடி விட்டோம், சத்தமே இல்லை. திருப்பி விட்டோம், நீளவாக்கில் விட்டோம், சத்தமே இல்லை. பச்சை ஸ்டிக்கர் ஒட்டினாள், பிய்த்துவிடாதே, அதைப் பார்த்தால் உனக்கும் நிம்மதி. ஒட்டிவிட்டு, இங்க பாரு குல்சும், பாஸ் ஆன பீஸ் பக்கத்துல இனி ஊசி போகக் கூடாது, குண்டூசி கூட. போச்சுன்னா மறுபடியும் இங்க கொண்டாந்துதான் ஆகணும், அதுதான் எங்க சட்டம் என்று கண்டிப்பாகச் சொன்னாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் அவிநாசி தாண்டும்வரை பாட்டுப் பாடாத குறைதான். அதற்கப்புறம் மனசு மெல்லக் கேட்டது, போர்வையில் இல்லையென்றால் ஊசி வேறு எங்கேதான் போனது?

இன்று மத்தியானத்துக்கு மேல் துவைக்கிற கல்லருகே நின்று நிமிர்ந்து பார்க்கிறேன், பின்சுவர் ஆணியில் நீ வாரைப் பிடித்து மாட்டிவிட்டுப் போன உன் பழைய ஹெல்மெட்டிலிருந்து ஒரு முழ நீல நூல் தொங்குகிறது. நான் ஒரு வாரமாகத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தால் அது எப்படிக் கண்ணில் படும்? பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னைத் திட்டுகிற அதே அணில் உள்ளிருந்து தலையை நீட்டி நூலை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. விலங்கியல் படித்தவளுக்கு அணில் கூட்டுக்கு நூல் பொறுக்கும் என்று தெரியாமல் போச்சே! அது நூலுக்காக இழுத்திருக்கிறது, ஊசி கூடவே போயிருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், என் பிள்ளை தப்பித்தான் என்று கல்லின்மேல் உட்கார்ந்தேன், உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டேன், ஏனென்றால் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கீச் கீச் என்று சத்தம். குட்டிகள். நான் உனக்காகப் பயந்த அதே ஊசி இப்போது அந்தக் குட்டிகளின் படுக்கையில்.

அத்தா உடனே காந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார், நான் போட்ட சத்தத்தில் தவிட்டுக்குருவிகளே பறந்துவிட்டன. காந்தம் வெடுக்கென்று இழுத்தால் ஊசி முனை எந்தக் குட்டியைக் கிழித்துக்கொண்டு வருமோ. நூலைப் பிடித்து இழுத்தால் அப்படி இல்லை, காதுப் பக்கம்தான் முன்னால் வரும், முனை பின்னால் சாதுவாக வரும், ஆனால் சிக்கு விழுந்திருந்தால் மெல்ல மெல்ல விடுவிக்க வேண்டும், அதை நான்தான் செய்ய வேண்டும். தாய் அணிலை அப்புறப்படுத்தும் பொறுப்பைக் குழந்தையம்மாள் அக்கா எடுத்துக்கொண்டார், மதில்மேல் கடலைக்காயைப் பரப்பி, வா சாமி, உன்ற பிள்ளைங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்க, இவங்க உருளற ஆளுங்கதான், கடிக்கற ஆளுங்க இல்ல என்று கூப்பிட்டார், அது வந்தேவிட்டது. நான் ஸ்டூலில் ஏறினேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்ட அத்தா, அணில் தலையில் குதிக்கும் என்று தன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றார். சரியாக அந்த நேரத்தில் பூஜிதா வந்துவிட்டாள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அங்கிள், இதுல எந்த ஹெல்மெட்ல அணில் இருக்கு என்றாளே, சிரிப்பை அடக்குவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. சிரித்தால் கை ஆடும். உதட்டைக் கடித்துக்கொண்டு நூலை இழுத்தேன், தேங்காய் நாரில் ஒரு சிக்கு, கால்மிதி இழையில் ஒரு சிக்கு, ராமாமணி டீச்சரின் சுங்குடித் துண்டில் ஒரு சிக்கு, குட்டிகள் ரோஸ் நிறத்தில் கண் திறக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, ஒன்று நூலோடு சேர்ந்து அசைந்ததும் இழுப்பதை நிறுத்தினேன். பிஸ்மில்லாஹ் சொல்லி இன்னும் ஒரு விரல் அளவு இழுத்தேன், ஊசியின் காது பளிச்சென்று வந்தது, பின்னாலேயே முழு ஊசியும், யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஸ்டூலிலேயே நான் குதித்ததில் அத்தாதான் பயந்துபோனார். இறங்கினதும் அணில் ஓடி வந்து ஹெல்மெட்டுக்குள் புகுந்து, எங்கள் நான்கு பேரையும் நன்றாகத் திட்டியது.

பூஜிதாவைக் கூட்டிப்போக வந்த கார் ஹார்ன் அடிக்கிறது, முடித்துவிடுகிறேன். அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல படிப்பையும் நல்ல சிநேகிதர்களையும் தரட்டும், உன் அறைக்கு வெளியே விழுகிற பனி வெளியிலேயே இருக்கட்டும். வெந்நீரில் குளி, தலையைத் துவட்டு, பூஜிதாவிடம் முறுக்கு டப்பா கொடுத்திருக்கிறேன், மூன்று பேருக்காவது பங்கிடு. அடுத்த லீவுக்குச் சிநேகிதர்களோடு மலை ஏறப் போகலாம், கோவைக்கு வருவது சந்தேகம்தான் என்று போனில் சொன்னாய், போய்விட்டு வா, நான் ஒன்றும் சொல்லவில்லை. போர்வையில் மட்டும் ஒரு சாண் ஓரம் தைக்காமல் திறந்தே இருக்கிறது. ஊசி கிடைத்ததும் தைத்துவிடலாம் என்று கையிலும் எடுத்துவிட்டேன், அப்புறம்தான் பச்சை ஸ்டிக்கர் கண்ணில் பட்டது, ஊசி பட்டால் மறுபடி திருப்பூர். அதனால் அப்படியே மடித்துக் கொடுத்துவிட்டேன். ஹாஸ்டலில் யாரிடமும் ஊசி வாங்கி நீயாகத் தைக்காதே, அந்தப் பக்கத்தைக் கால்மாட்டில் போட்டுக்கொள், பஞ்சு வெளியே வந்தால் உள்ளே தள்ளிவிடு. அதை நான்தான் தைக்க வேண்டும், அதற்குப் போர்வை இங்கே வர வேண்டும், போர்வை தனியாக வராது.

துஆவுடன்,
உன் அம்மா
உம்மல் குல்சும்