நிவேதா கல்யாணத்தில் நீ சொன்னது

தம்பிக்கு,

சாப்பிடாம எழுந்து போன. அதைப் பத்தி நான் கேக்கல.

என் பொண்ணு புத்தர் படத்து முன்னாடி பஞ்சசீலம் சொல்லிக் கல்யாணம் பண்ணிக்கிட்டா, அது தேசத்துக்கே விரோதமா? நம்ம ஊர் ஆண்டர்சன்பேட்டை கல்யாண ஹால்ல, மாப்பிள்ளை வீட்டார் எதிர்ல அப்படிக் கத்தினியே, இன்னா தேசம்டா உன்னுது? உன் கல்யாணமும் அப்படித்தானே நடந்தது! அந்தப் போட்டோவை பெங்களூரு ஃபிளாட்ல எங்க ஒளிச்சு வச்சிருக்க?

அப்பா ஷிப்ட் முடிஞ்சு சுரங்கத்துலேருந்து மேல வந்தா, தங்கம் ஒளிச்சிருக்காரான்னு துணியை அவுக்கச் சொல்லித் தேடுவாங்க. முப்பது வருஷம் தேடினாங்க. ஒரு பொடிகூடக் கிடைக்கல.

இப்ப அவர் பேத்தியை மணமேடையில நிறுத்தி வச்சு நீ தேடற.

அவங்களாவது தேடி முடிச்சதும் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னாங்க.

இன்னும் உன் அக்காதான்.